காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைக்குப் பின்னாளில் வலிப்பு நோய் வருமா? முன்கூட்டியே அறிய முடியுமா?

கேள்வி: தஞ்சைத் தந்தை

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இப்போது 22 மாதங்கள் ஆகின்றன. கடந்த ஐந்து மாதங்களில் இரண்டு முறை அவளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்துவிட்டது.

முதல் முறை வந்தபோது அவளுக்கு 17 மாதம். அன்று காலையிலிருந்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது; மாலையில் தொட்டுப் பார்த்தபோது உடம்பு சுட்டது. மருந்தைப் பாலாடையில் ஊற்றிக்கொண்டு நான் திரும்புவதற்குள் கண்கள் மேலே செருகி, உடல் விறைத்து, இரண்டு கைகளும் இரண்டு கால்களும் வெட்டி இழுக்கத் தொடங்கிவிட்டன. உதடு நீலம் பாரித்தது. என் தாயார் பீரோவின் சாவிக்கொத்தை எடுத்துவந்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டார். அந்தச் சின்னக் கைக்குள்ளே சாவிகள் கலகலவென்று அதிர்ந்த ஓசை இன்னும் என் காதை விட்டு அகலவில்லை. அரைமணி நேரம் இழுத்ததாகவே எனக்குத் தோன்றியது. ஆனால் கைப்பேசியைப் பிறகு பார்த்தபோது, பக்கத்து வீட்டுக்காரரை நான் அழைத்ததற்கும், குழந்தை அழத் தொடங்கிய பின் அலுவலகத்திலிருந்த மனைவியை அழைத்ததற்கும் இடையே மூன்று நிமிடங்கள்தான் இருந்தன. இரண்டாம் முறை 21 மாதத்தில், நள்ளிரவில், காய்ச்சல் 102 டிகிரி இருந்தபோது வந்தது. இரண்டு நிமிடங்களுக்குள் நின்றுவிட்டது.

இரண்டாவது வலிப்பு வந்த ஆறாம் நாள், நாங்கள் சென்ற தனியார் மருத்துவமனையில் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. சோதனை எடுத்தார்கள். மூளையின் பின்பகுதியில் மெதுவான அலைகள் தெரிவதாகவும், பதிவு இயல்பாக இல்லை என்றும் அறிக்கை வந்தது. இரண்டு ஆண்டுகளுக்குக் காலையும் இரவும் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தைச் சிரப்பாகக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் இது நிரந்தர வலிப்பு நோயாக மாறிவிடும் என்று அங்கே சொன்னார்கள். எங்கள் வழக்கமான மருத்துவரோ மருந்தே தேவையில்லை என்கிறார். மருந்தை வாங்கி வைத்திருக்கிறோம், இன்னும் தொடங்கவில்லை. என் மைத்துனருக்கு வலிப்பு நோய் இருப்பதால் மனைவி இரவில் உறங்குவதே இல்லை. குழந்தை புரண்டு படுத்தாலும் எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். பின்னாளில் இவளுக்கு வலிப்பு நோய் வருமா வராதா என்பதை இப்போதே அறிய ஏதேனும் வழி உண்டா? மருந்து கொடுத்தால் அதைத் தடுக்க முடியுமா?

மறுமொழி 1: குழந்தைநல மருத்துவர், மதுரை

வணக்கம் ஐயா. குழந்தையை நேரில் பார்க்காமல் இன்ன மருந்து வேண்டும், இன்னது வேண்டாம் என்று நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளாகத் திரட்டப்பட்ட நல்ல விடை இருக்கிறது. கூட்டம் நிரம்பிய புறநோயாளர் பிரிவில் அதைப் பெற்றோரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல எங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

இந்தக் கேள்விக்கு முதன்முதலில் உறுதியான அடித்தளம் இட்டவர்கள் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த காரின் நெல்சன் என்ற நரம்பியல் மருத்துவரும் ஜோனஸ் எலன்பர்க் என்ற புள்ளியியலாளரும் ஆவர். அங்கே 1959 முதல் 1966 வரை ஏறத்தாழ 54,000 கர்ப்பங்களைப் பதிவு செய்து, பிறந்த குழந்தைகளை ஏழு வயது வரை பின்தொடர்ந்தார்கள். அவர்களில் காய்ச்சல் வலிப்பு வந்த 1,706 குழந்தைகளைப் பற்றிய முடிவுகளை இருவரும் 1976-இல் வெளியிட்டனர். ஏழு வயதுக்குள் வலிப்பு நோய் உண்டானவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். ஆனால் அந்தச் சராசரியை விட, அதை அவர்கள் பிரித்துக் காட்டிய விதமே நமக்குப் பயன்படுவது. அவர்கள் பார்த்தவை மூன்று. முதல் வலிப்புக்கு முன்பே குழந்தையின் வளர்ச்சியிலோ நரம்பு மண்டலத்திலோ ஐயப்படும்படி ஏதேனும் இருந்ததா? முதல் காய்ச்சல் வலிப்பு சிக்கலான வகையைச் சேர்ந்ததா, அதாவது 15 நிமிடங்களுக்கு மேல் நீடித்ததா, உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் வந்ததா, 24 மணி நேரத்துக்குள் மறுபடியும் வந்ததா? பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ காய்ச்சல் இல்லாமலே வலிப்பு வந்ததுண்டா? இவற்றில் எதுவும் இல்லாத குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவருக்கே வலிப்பு நோய் வந்தது. காய்ச்சல் வலிப்பே வராத குழந்தைகளிலும் இருநூற்றில் ஒருவருக்கு அது வந்திருந்தது என்பதை அருகில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் இருந்தவர்களில் நூற்றுக்கு இருவர். இரண்டோ மூன்றுமோ சேர்ந்திருந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்.

உங்கள் மகளின் இரண்டு வலிப்புகளும் சில நிமிடங்களில் நின்றிருக்கின்றன, இரு பக்கமும் ஒன்றுபோல் வந்திருக்கின்றன, ஒரே நாளில் திரும்பி வரவில்லை. நான்கு மாத இடைவெளியில் மீண்டும் வந்ததால் அது சிக்கலான வகை ஆகிவிடாது. ஒருமுறை காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு அது மீண்டும் வருவது வழக்கமே. முதல் வலிப்பு ஒரு வயதுக்குள் வந்திருந்தால் இருவரில் ஒருவருக்கு வரும். மறுபடி காய்ச்சல் வலிப்பு வருவது வேறு; வலிப்பு நோய், அதாவது காய்ச்சல் இல்லாமலே வலிப்பு திரும்பத் திரும்ப வருவது, வேறு. பெற்றோர் பலர் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு அஞ்சுவதை நாள்தோறும் பார்க்கிறேன்.

இ.இ.ஜி. பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காய்ச்சல் வலிப்புக்குப் பிறகு சில நாட்களுக்கு, சில குழந்தைகளில் ஒரு வாரத்துக்கும் மேலாக, மூளையின் பின்பகுதியில் மெதுவான அலைகள் தெரிவது மிகப் பொதுவானது. ஆறாம் நாள் எடுத்த பதிவில் அது இருந்ததை வைத்து எதிர்காலத்தைக் கணிக்க இயலாது. வளர்ச்சி இயல்பாக உள்ள குழந்தைக்கு எளிய வகைக் காய்ச்சல் வலிப்பு வந்தால் இ.இ.ஜி. எடுக்க வேண்டியதில்லை என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2011-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் தெளிவாகவே கூறியுள்ளது. எடுத்தால் கேடில்லை என்பார்கள். கேடு இருக்கிறது. அறிக்கையில் "இயல்பாக இல்லை" என்ற சொல் அச்சாகி வந்துவிட்டால், அந்தத் தாள் குழந்தையின் கோப்பிலும் தாயின் மனத்திலும் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது.

மருந்து பற்றிய கேள்விக்கு வருகிறேன். தினசரி வலிப்பு மருந்து அடுத்த காய்ச்சல் வலிப்பைக் குறைக்கலாம். பின்னாளில் வலிப்பு நோய் வராமல் தடுக்கிறது என்பதற்கோ எந்தச் சான்றும் இல்லை. வலிப்பு நோய் வரவேண்டிய காரணம் உள்ளுக்குள் இருந்தால், மருந்தை நிறுத்திய பின்னும் அது வரவே செய்யும். அதற்கு நாம் கொடுக்கும் விலையோ சிறியதன்று. 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், காய்ச்சல் வலிப்புக்காக பினோபார்பிட்டோன் என்ற வலிப்பு மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளின் அறிவுத்திறன் அளவு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், ஒப்பீட்டுக்காக மருந்துச் சத்தில்லாத போலி மருந்து பெற்ற குழந்தைகளைவிட 8.4 புள்ளிகள் குறைந்திருந்தது. வால்ப்ரோயேட்டின் தொல்லை வேறு வகை: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அரிதாகக் கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கும். இரண்டு வயது நிரம்பாத, மற்றபடி நலமாக இருக்கும் ஒரு குழந்தைக்கு அதைத் தொடங்குவதற்கு முன், அதனால் கிடைக்கப்போகும் நன்மை என்ன என்பதை அந்த மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

எனக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. குழந்தை எப்போது நடந்தாள், எத்தனை சொற்கள் பேசுகிறாள்? உங்கள் மைத்துனருக்கு வலிப்பு எந்த வயதில், எப்படித் தொடங்கியது?

மறுமொழி 2: ஒரு தாய், கோவை

மருத்துவர் சொன்னதோடு நான் முரண்படவில்லை. ஆனால் நூற்றில் ஒருவராக இருக்கும் குழந்தையின் தாய் நான் என்பதால், அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்பதையும் இங்கே எழுதி வைப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

என் மகனுக்கு முதல் வலிப்பு ஐந்தரை மாதத்தில் வந்தது. தடுப்பூசி போட்ட மறுநாள், காய்ச்சல் நூறு டிகிரியைக்கூடத் தொடவில்லை. இடது கையும் இடது காலும் மட்டும் இழுத்தன. வலது கை என் சேலை முந்தானையைப் பிடித்தபடி அமைதியாக இருந்தது. மருத்துவமனையில் ஊசி போட்டு நிறுத்தும்போது 35 நிமிடங்கள் கடந்துவிட்டன. அடுத்த மாதம் வெந்நீரில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது காய்ச்சலே இல்லாமல் வந்தது. இம்முறை வலது பக்கம். காய்ச்சல் வலிப்புதான், ஐந்து வயதில் தானாக நின்றுவிடும் என்றுதான் எங்களுக்கும் சொன்னார்கள். இ.இ.ஜி. எடுத்தார்கள், முற்றிலும் இயல்பாக இருந்தது. ஐந்தாவது வலிப்புக்குப் பிறகு கார்பமாசெபின் என்ற வலிப்பு மருந்தைத் தொடங்கினார்கள், வலிப்பு இன்னும் அதிகமாயிற்று. ஒன்றே முக்கால் வயதில் மரபணுச் சோதனை செய்த பிறகுதான் எஸ்.சி.என்.1.ஏ. என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதும், இதனால் வரும் கடுமையான வலிப்பு நோய்க்கு டிராவே நோய்த்தொகை என்று பெயர் என்பதும், கார்பமாசெபின் போன்ற, நரம்பணுக்களில் சோடியம் நுழையும் வழியை அடைக்கும் மருந்துகள் இந்த நோயில் கொடுக்கக் கூடாதவை என்பதும் தெரியவந்தன.

தடுப்பூசியால்தான் வந்தது என்று எங்கள் உறவினர் பலர் இன்றும் நம்புகிறார்கள். அந்த மாற்றம் அவன் கருவில் உருவானபோதே இருந்தது. தடுப்பூசியால் வந்த சிறு காய்ச்சல் அதை முதலில் வெளிக்காட்டியது, அவ்வளவே.

ஐயா, உங்கள் மகளின் கதை என் மகனுடையதைப் போல் இல்லை. முதல் வயதுக்குள் தொடக்கம், நெடுநேரம் நீடித்தல், ஒருமுறை இடம் ஒருமுறை வலம் என மாறிமாறி ஒரு பக்கமாக வருதல், மிகக் குறைந்த காய்ச்சலிலோ வெந்நீரிலோ வருதல் ஆகியவை சேர்ந்து வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். எனக்கு அப்போது யாரும் எந்தப் பக்கம் இழுத்தது என்று கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை.

தஞ்சைத் தந்தை:

அம்மா, உங்கள் மகன் நலம்பெற வேண்டுகிறேன். உங்கள் துயரத்துக்கு நடுவிலும் எங்களுக்காக இவ்வளவு எழுதியதற்கு நன்றி.

டாக்டர், என் மகள் 12 மாதத்தில் நடந்தாள். இப்போது "அப்பா கடைக்கு" என்பதுபோல இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறாள். மைத்துனருக்கு 22 வயதில் இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டு அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு மறு ஆண்டிலிருந்துதான் வலிப்பு வருகிறது. சிறு வயதில் அவருக்கு எதுவும் வந்ததில்லை என்று மாமியார் சொல்கிறார்.

மனைவிக்குத் தெரிந்த ஒருவர், வலிப்புக்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொள்வோரை விசாரித்தால் பலருக்குச் சிறுவயதில் காய்ச்சல் வலிப்பு வந்திருக்கும் என்று சொல்லியிருக்கிறார். இணையத்தில் தேடினால் 1 விழுக்காடு, 7 விழுக்காடு, 49 விழுக்காடு என்று விதவிதமான எண்கள் வருகின்றன. எதை நம்புவது?

மறுமொழி 3: உயிர்ப்புள்ளியியல் கற்பிப்பவர்

நான் மருத்துவன் அல்லன். எண்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நீங்கள் பார்த்த எண்கள் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

1 விழுக்காடு என்பது மேலே மருத்துவர் சொன்ன ஏழு வயது வரையிலான கணக்கு. 7 விழுக்காடு இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. மினசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் காய்ச்சல் வலிப்பு வந்த 687 குழந்தைகளின் பதிவுகளைக் கொண்டு 1987-இல் வெளியான ஆய்வு, 25 வயது வரை கணக்கிட்டு அந்த எண்ணைத் தந்தது. டென்மார்க்கின் தேசியப் பதிவேட்டைக் கொண்டு 2007-இல் செய்த ஆய்வும் 23 வயது வரையில் 6.9 விழுக்காடு என்றது. காய்ச்சல் வலிப்பு வராதவர்களில் அது 1.8 விழுக்காடு. கணக்கெடுக்கும் காலம் நீண்டால் எண் உயரும், அதில் வியப்பில்லை. உங்களை அச்சுறுத்திய 49 விழுக்காடும் அதே ராச்செஸ்டர் ஆய்வில் உள்ளதுதான். நெடுநேரம் நீடித்தல், ஒரு பக்கமாக வருதல், அன்றே திரும்பி வருதல் என்ற மூன்றும் ஒருங்கே அமைந்த மிகச் சிலருக்கானது அது. அந்த மூன்றில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு அதே ஆய்வு, அதே 25 வயது வரை தந்த எண் 2.4 விழுக்காடு.

இனி, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றிய பேச்சு. அது உண்மைதான், ஆனால் பின்னோக்கிப் பார்த்த உண்மை. நோய் முற்றி அறுவை மேசைக்கு வந்தவர்களிடம் சிறுவயதில் என்ன நடந்தது என்று கேட்டால், பலர் நீண்ட காய்ச்சல் வலிப்பைச் சொல்வார்கள். சிறுவயதில் வலிப்பு வந்து, பிறகு ஒன்றுமே இல்லாமல் வளர்ந்து, வேலைக்குப் போய், அதை மறந்தும் போனவர்கள் அந்த அறைக்கு வருவதே இல்லை. ஆகவே அவர்கள் கணக்கில் சேர்வதும் இல்லை. நெல்சனும் எலன்பர்க்கும் 1980-இல் இதை மட்டுமே பொருளாகக் கொண்டு இன்னொரு கட்டுரை எழுதினார்கள். காய்ச்சல் வலிப்புக்குப் பின் காய்ச்சலின்றி வலிப்பு வந்தவர்களின் விகிதத்தை அதுவரை வந்த ஆய்வுகளிலிருந்து ஒப்பிட்டபோது, மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகள் 2.6 விழுக்காட்டிலிருந்து 76.9 விழுக்காடு வரை எதை வேண்டுமானாலும் சொல்லியிருந்தன. ஊர் முழுவதையும் கணக்கில் எடுத்த ஆய்வுகளோ 1.5-க்கும் 4.6-க்கும் இடையில் அடங்கின. ஆய்வுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதத்தால் நேரும் பிழை என்றால் என்னவென்று என் மாணவர்களுக்கு விளக்க ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் எழுதுவது இந்த நான்கு எண்களைத்தான்.

மைத்துனரைப் பற்றியும் ஒரு சொல். இந்த ஆய்வுகளில் குடும்ப வரலாறு என்று பெரும்பாலும் எண்ணப்படுபவர்கள் பெற்றோரும் உடன்பிறந்தோரும். தாய்மாமன் அந்த வட்டத்துக்குள் வருவதில்லை. விபத்தால் வந்த வலிப்பு மரபு வழிப்பட்டதும் அன்று.

மறுமொழி 4: குழந்தைநல மருத்துவர், மதுரை

பேராசிரியர் எழுதியதை அப்படியே ஏற்கிறேன். கோவை அம்மா எழுதியதை என்னிடம் பயிலும் இளம் மருத்துவர்களுக்குப் படித்துக் காட்ட விரும்புகிறேன், அவர் அனுமதித்தால். அவர் மகனுக்கு இ.இ.ஜி. இயல்பாக இருந்தது, இந்தக் குழந்தைக்கு இயல்பாக இல்லை. ஆனால் எந்தக் குழந்தைக்காகக் கவலைப்பட வேண்டும் என்பதைச் சரியாகச் சொன்னவை வலிப்பு வந்த வயதும் எடுத்துக்கொண்ட நேரமும் இழுத்த பக்கமும்தாம்.

ஐயா, உங்கள் விடைகளைப் பார்த்தால் என் முதல் மறுமொழியில் சொன்ன வளர்ச்சிக் குறை, சிக்கலான வலிப்பு, குடும்ப வரலாறு என்ற மூன்று அடையாளங்களில் ஒன்றுகூட மகளிடம் இல்லை. ஆகவே தினசரி மருந்து வேண்டாம் என்ற உங்கள் வழக்கமான மருத்துவரின் கருத்தோடு நான் உடன்படுகிறேன். வாங்கிய மருந்தோடும் அறிக்கையோடும் அவரிடமே மீண்டும் சென்று பேசி முடிவெடுங்கள்.

நேரத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், மூளைக்குத் தீங்கு வரக்கூடுமானால் அது நெடுநேரம் நீடிக்கும் வலிப்பில்தான். அரைமணி நேரத்துக்கு மேல் காய்ச்சல் வலிப்பு நீடித்த 199 குழந்தைகளை அமெரிக்காவில் பின்தொடர்ந்தபோது, அவர்களில் 22 பேருக்கு நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதியில் எம்.ஆர்.ஐ. படத்தில் மாற்றம் தெரிந்தது. மூன்று நிமிட வலிப்பு அப்படிப்பட்டதன்று. அடுத்த முறை வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள், எந்தப் பக்கம் முதலில் இழுக்கிறது என்று பாருங்கள். ஒருவர் பார்த்துக்கொள்ளும்போது இன்னொருவர் கைப்பேசியில் படம் எடுக்க முடிந்தால் அது ஓர் இ.இ.ஜி.யைவிட எங்களுக்கு உதவும். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் கொடுப்பதற்கான, வலிப்பை நிறுத்தும் மிடசோலம் மூக்குத் தெளிப்பானை மருத்துவரிடம் எழுதி வாங்கி, எடையைச் சொல்லி எத்தனை முறை அடிக்க வேண்டும் என்று அட்டையிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தெளிப்பான் கொடுத்த பின்னும் நிற்காவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சாவிக்கொத்தால் கேடில்லை, பயனும் இல்லை; ஆனால் தாயாரிடம் கோபப்படாமல், அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்கும் பொறுப்பை அவருக்குக் கொடுங்கள்.

காய்ச்சல் வரும் நாட்களில் மட்டும் இரண்டு மூன்று நாள் குளோபஜாம் என்ற வலிப்பு மருந்தைக் கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அது அடுத்த காய்ச்சல் வலிப்பைக் குறைக்கும்; குழந்தை சற்று மயக்கமாகவும் தள்ளாடியும் இருக்கும். வலிப்பு நோயைத் தடுக்க அதுவும் உதவாது. உங்கள் மனைவி உறங்குவதற்கு அது துணைசெய்யும் என்றால் உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் காரணம் எனக்குச் சிறியதாகத் தோன்றவில்லை. பாராசிட்டமால் குழந்தையின் உடல்வலிக்கும் சோர்வுக்கும் நல்லது. அதை நேரம் தவறாமல் கொடுத்தால் இனி வலிப்பே வராது என்று மட்டும் எண்ண வேண்டாம். கொடுத்தும் வந்துவிட்டால் தாய் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வாள்.

தஞ்சைத் தந்தை:

டாக்டர், கடைசியாக ஒன்று. ஒன்றரை வயதில் போட வேண்டிய தடுப்பூசிகளை முதல் வலிப்புக்குப் பயந்து தள்ளிவைத்துவிட்டோம். போடலாமா?

மறுமொழி 5: குழந்தைநல மருத்துவர், மதுரை

போடுங்கள், இனியும் தள்ளிவைக்க வேண்டாம். தட்டம்மைத் தடுப்பூசி போட்ட பிறகு, பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில், காய்ச்சல் வரலாம், டி.பி.டி. ஊசிக்கு அன்றோ மறுநாளோ வரலாம். அந்தக் காய்ச்சலில் வலிப்பு வர ஒரு சிறு வாய்ப்பு உண்டு என்பது உண்மை. டென்மார்க்கில் தட்டம்மை சேர்ந்த முத்தடுப்பூசியைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தபோது, ஊசிக்குப் பிந்தைய இரண்டு வாரங்களில் ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று அல்லது இரண்டு காய்ச்சல் வலிப்புகள் கூடுதலாக வந்தன; ஆனால் அப்படி வந்த குழந்தைகளுக்குப் பின்னாளில் வலிப்பு நோய் அதிகமாக வரவில்லை. தட்டம்மையே வந்துவிட்டால் காய்ச்சல் பல நாள் நீடிக்கும், மூளைக்காய்ச்சல் வரையிலும் போகக்கூடும். ஊசி போடுவதற்கு முன் செவிலியரிடம் வலிப்பு வந்த விவரத்தைச் சொல்லுங்கள், மூக்குத் தெளிப்பானை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஊசி போட்ட தேதியைச் சுவர் நாட்காட்டியில் குறித்து, எட்டாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை உள்ள கட்டங்களைச் சுழித்து வையுங்கள். அந்த வாரத்தில் மட்டும் இரவில் ஒருவர் விழித்திருந்து பார்த்துக்கொண்டால் போதும்.